சொன்னபடி படுத்திருந்தவள்

போன மாதம் முட்டியில் அறுவை செய்துகொண்டேன். மறுநாள் காலையிலேயே ஒரு சின்னப் பெண் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பிசியோவாம். தமிழ்ப் பெண்தான். "ஆன்ட்டி, எழுந்திரிங்க, நடக்கப் போறோம்" என்றாள். உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினேன். அவள் என் தோளைத் தட்டி, "பாகுஸ் லா ஆன்ட்டி! குட் பேஷன்ட் நீங்க. சொன்ன பேச்சக் கேக்குறீங்க" என்றாள்.

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "அந்த வார்த்தைய மட்டும் என்கிட்ட சொல்லாத" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில் சீனத்துக் கிழவி தூக்கம் கலைந்து விழித்தாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆயர் குரோவில் நான் என் தங்கை மகள் வீட்டில் இருக்கிறேன். அவளும் காரில் வரும்போது கேட்டாள்: "பெரியம்மா, நீங்களே நர்ஸா இருந்தவங்க. நல்லதுதானே சொல்லுச்சு அந்தப் பொண்ணு? அதப் போயி ஏசிட்டீங்களே?"

அந்தப் பெண் இப்போது வீட்டுக்கே வந்து என்னை நடக்க வைக்கிறாள். கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, நல்ல பிள்ளை. "ஏன் ஆன்ட்டி அன்னைக்கு அப்படிக் கத்துனீங்க?" என்று கேட்டாள். தமிழ்ப்பள்ளியில் படித்தவளாம், தமிழ் வாசிப்பாளாம். எழுதித் தருகிறேன், படித்துக்கொள் என்றேன். வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். அழுகிற வயதெல்லாம் எனக்குப் போய்விட்டது.

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தது, ஜப்பான்காரன் போன பிறகு வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்ட்காரர்களோடு சண்டை போட்ட அவசரகாலத்தில். தோட்டங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்த காலம். மலாக்கா மாநிலத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரி, அதன் பெயர் இங்கே வேண்டாம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. தரை துடைத்தோம், பெட்பேன் கழுவினோம், ஏச்சு வாங்கினோம், இங்கிலீஷில் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தோம். எலும்பின் மேல் இருக்கிற சதையைப் பற்றி யாரும் ரொம்பச் சொல்லித் தரவில்லை.

பெண்கள் வார்டுக்கு ஒரு வெள்ளைக்கார சிஸ்டர். வார்டை நடத்தும் தலைமை நர்ஸுக்கு அதுதான் பட்டம். உயரமான, ஒல்லியான மனுஷி. கையில் எப்போதும் ஒரு மர ரூலர் இருக்கும். அடிக்கிறதுக்கு இல்லை, அளக்கிறதுக்கு. மேல்போர்வையை நெஞ்சருகே மடித்துவிடுவோம் இல்லையா, அந்த மடிப்பு எல்லாக் கட்டிலிலும் ஒரே அகலம் இருக்க வேண்டும். கட்டில் சக்கரங்கள் எல்லாம் உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலையணை உறையின் வாய் வாசல் பக்கம் பார்க்கக் கூடாது. டாக்டர் பார்வையிட வருமுன் சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாக வருவார். நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும், கால் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், கை இரண்டும் போர்வைக்கு மேல் இருக்க வேண்டும். முட்டியை மடக்கி வைத்திருந்தால் ரூலரால் மெல்ல ஒரு தட்டு. போர்வையில் மேடு தெரியக் கூடாது. யாராவது எழுந்து உட்கார்ந்தால் "ஜாங்கான் பங்குன்" என்பார். எழுந்திருக்காதே என்று அர்த்தம். சொன்னபடி கிடந்தால் "பாகுஸ்", நல்லது என்று மெச்சுகிற வார்த்தை. அவருக்குத் தெரிந்த மலாய் அநேகமாக அவ்வளவுதான், அதை வைத்தே ஒரு வார்டை நடத்தினார்.

சிஸ்டர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு மறந்துபோயிருப்பேன். தோட்டத்துப் பெண்களின் முதுகை அவர் தன் கையாலேயே ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போட்டுத் துடைத்துவிடுவார். அவருடைய வார்டில் யாருக்கும் படுக்கைப் புண் வந்தது கிடையாது. அதில் அவருக்குப் பெருமை. ஓய்வுதான் மருந்து என்று நம்பினார். அன்றைக்கு அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள், டாக்டரும் நானும் உட்பட. அதிலும் டைபாய்டு காய்ச்சல் என்றால் கேட்கவே வேண்டாம். குடல் ஓட்டையாகிவிடும் என்று பயம். பால் தண்ணீர், பார்லித் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், மல்லாந்த படுக்கை. நம் ஆட்களும் அதற்கு ஒத்து ஊதுவார்கள், 'லங்கணம் பரம ஔஷதம்' என்று. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நோயாளி காய்ந்து கிடப்பாள்.

அஞ்சலை அப்படித்தான் வந்தாள். லூபோக் சீனாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. தோட்டத்து லாரியில் நினைவில்லாமல் கொண்டுவந்து போட்டார்கள். புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். போனவன் போனவன்தான். செத்தான் என்று யாரும் சொல்லாததால் தாலியும் மெட்டியும் போட்டிருந்தாள். ராணி என்று ஒரு பெண் பிள்ளை, முருகன் என்று ஒரு பையன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுச் செங்கமலம் பார்த்துக்கொண்டாள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். மரம் வெட்டுகிற கைக்குத்தான் வீடு. அஞ்சலை கத்தியைப் பிடிக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குக் கூரை கிடையாது. காய்ச்சல் கொஞ்சம் தணிந்து நினைவு வந்தபோது அவள் முதலில் கேட்டதே அதைத்தான்: "எம் பேரு பெரட்டுல இருக்குதா மிஸி?" நர்ஸுகளை அன்றைக்கு எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரட்டு என்றால் விடியற்காலையில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிறது. உடம்புக்கு முடியாதவர்கள் அங்கேயே தோட்டத்து டிரஸ்ஸர் முன்னால் போய் நிற்க வேண்டும். டிரஸ்ஸரின் வைத்தியம் ஒரே வரி என்று அஞ்சலை சொல்வாள்: "நிக்கிறயில்ல? அப்ப மரத்துக்குப் போ." நிற்கிறவளுக்கு நோய் கிடையாது. நிற்க முடியாமல் விழுந்தால்தான் ஒருவேளை மருந்து. அதிலும் மட்டம் போடுகிறாள் என்று பேர் வாங்கினால் அந்தப் பேர் ஜென்மத்துக்கும் போகாது.

அந்தப் பயத்தை அவள் எங்கள் வார்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். முதுகு துடைக்கிறபோது ஒருக்களித்துப் படு என்று சொன்னால்கூடச் சுற்றுமுற்றும் பார்ப்பாள். "ஒக்காந்திருந்தாப் பாத்துருவாங்க மிஸி. நல்லாருக்கான்னு சொல்லிருவாங்க. பாதி சீக்கோட தோட்டத்துக்குப் போனா அங்க விழுந்திருவேன். பேரு கெட்டுரும். முழுசாக் கொணமாயிட்டுப் போனாத்தான் மரத்துல நிக்க முடியும்."

பிள்ளைகளுக்காகப் படுத்திருந்தாள். சிஸ்டருக்கோ அப்படி ஒரு நோயாளி கிடைத்ததே இல்லை. போர்வையில் மேடு இல்லை, சுருக்கம் இல்லை. மற்ற கட்டில்களுக்கு அவளைக் காட்டுவார். "இவளைப் பாருங்கள். பாகுஸ்!" அஞ்சலைக்கு அந்த வார்த்தை அமிர்தம். ஆயுசுக்கும் கங்காணியிடமும் கணக்கெழுதுகிற கிராணியிடமும் வசவு கேட்டே வளர்ந்தவளை ஒரு வெள்ளைக்காரத் துரைசானி மெச்சுகிறார். அசைவாளா? மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட என்னைத்தான் பார்ப்பாள், ஓட்டிவிடச் சொல்லி.

அவளுக்கு எதிர்க்கட்டிலில் மீனாட்சி. தெங்கேராவில் வடை சுட்டு விற்கிறவள், அதே டைபாய்டு. இவள் வடையால் ஊருக்குக் காய்ச்சல் வந்ததா, ஊரால் இவளுக்கு வந்ததா என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சல் விட்ட மறுநாளே பாத்ரூமுக்குள் போய்ச் சுருட்டுப் பிடித்தாள். "பெட்பேன்ல ஒக்காந்து போறதுக்கு நான் என்ன கைப்புள்ளயா?" என்பாள். மகன் பார்க்க வரும்போது எதையாவது மடியில் மறைத்து வாங்கித் தின்பாள். சிஸ்டர் ஏசினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அவர் முதுகு திரும்பியதும் கட்டிலை விட்டு இறங்குவாள். குடல் ஓட்டையாகாமல் அவள் தப்பியது அவள் செய்த புண்ணியம், அதை நான் வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வீட்டுக்குப் போன அன்றைக்குப் புடவைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டு படி இறங்கித் தானே நடந்து போனாள். போகும்போது அஞ்சலையைப் பார்த்து, "ஏ புள்ள, எந்திரிச்சு ஒக்காரு. பொணம்கூட இவ்ளோ நேரா கெடக்காதுடி" என்றாள். அஞ்சலை சிரித்தாள். எழுந்திருக்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

உடம்பு துடைக்கிறபோது நான் பார்த்தேன். வந்தபோது அவளுக்கு மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய கால். கெண்டைச் சதை தேங்காய் மட்டை போல இறுகியிருந்தது. வாரம் போகப் போக அது கரைந்தது. துணியால் துடைத்தால் தோல் மட்டும் என் கையோடு வந்துவிட்டுத் திரும்பிப் போகும். தொடை இளைத்து முட்டி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஒருநாள் போர்வை மாற்றும்போது அவள் மெட்டி கழன்று தரையில் உருண்டது. விரலே இளைத்திருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டேன், மறுபடி கழன்றது. நூல் சுற்றிப் போட்டோம். காய்ச்சல்காரி இளைக்கத்தான் செய்வாள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் தேறிவிடுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். காய்ச்சல் விட்டும் வாரக்கணக்கில் படுக்கப் போட்டிருந்தோம், பத்திரத்துக்காக.

அவளை அனுப்புகிற நாள் வந்தது. டாக்டர் கட்டிலின் காலடியில் தொங்கிய காய்ச்சல் அட்டையைப் பார்த்தார். கோடு சமமாக ஓடியது. "நல்ல குணம்" என்றார். சிஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வேலைக்குப் போகலாம் என்று தோட்டத்துக்குச் சொல்லியாயிற்று. கீழே தோட்டத்து லாரி நின்றது. "எழுந்திரு அஞ்சலை" என்றார் டாக்டர். அவ்வளவு நாளில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் யாரோ அவளிடம் சொன்னார்கள்.

அவள் காலைக் கீழே வைத்தாள், என் தோளைப் பிடித்து எழுந்தாள், அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, மடங்கினாள். தன் காலையே வெறித்துப் பார்த்தாள். "இது எங் காலு இல்ல மிஸி" என்றாள்.

டாக்டர் நம் ஆள்தான், பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பதமாகப் பேசுவார். அவளிடம் தமிழிலேயே சொன்னார்: "காய்ச்சல் கண்ட உடம்பு, அப்படித்தாம்மா இருக்கும். பயப்படாத. கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடணும். பசியோட வேலை செய்யக் கூடாது. கையில எப்பவும் ஏதாவது வச்சிருந்து சாப்பிடு."

"சரிங்க ஐயா" என்றாள் அஞ்சலை.

கட்டில் வேண்டும், வராந்தாவில் இன்னொரு காய்ச்சல்காரி பாயில் கிடந்தாள். அஞ்சலையை நானும் இன்னொரு நர்ஸும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி லாரியில் ஏற்றினோம். லாரிக்காரன், "என்னக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி கைத்தாங்கலா வர்றீங்க" என்று கேலி செய்தான். அவளும் சிரித்தாள். குணமாகிவிட்டோம் என்றுதான் அவளும் நம்பினாள்.

டாக்டர் அன்றைக்கு நினைத்துப் பார்க்காத ஒன்று உண்டு. தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. கம்பிவேலிக்கு வெளியே ஒரு பருக்கை சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடும் என்று சட்டம். காலையில் மரத்துக்குப் போகிறவர்களை வாசலில் சோதனை போடுவார்கள். பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், பெண்களைப் பெண்களே தடவிப் பார்ப்பார்கள். விடியுமுன் வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு வெளியே போனால், வேலை முடிந்து வேலிக்குள் திரும்பிய பிறகுதான் வாயில் ஏதாவது படும். நல்ல உடம்புக்காரிக்கே கண் இருட்டும். இவளுக்கு உடம்பே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் செங்கமலம் வந்துதான் சொன்னாள். ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் ராணியையும் முருகனையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அஞ்சலைய போலீசு புடிச்சுக்கிட்டுப் போயிருச்சு மிஸி."

"எதுக்கு?"

"சோத்துக்கு மிஸி, சோத்துக்கு! போன முதநாளே மூணாவது மரத்துல விழுந்துட்டா. பாலெல்லாம் மண்ணுல போச்சு. கங்காணி வந்து கத்துறான், ஆஸ்பத்திரியே நல்லாருக்குன்னு சொல்லிருச்சு, நீ என்னடி மட்டம் போடுறன்னு. இன்னும் ரெண்டு நாளு பாப்பேன், நெர முடிக்கலன்னா பேர வெட்டிருவேன், லயத்தக் காலி பண்ணுங்கறான். நெரன்னா அவளுக்கு விட்ட மரமெல்லாம் வெட்டி முடிக்கணும் மிஸி. எப்படி முடிப்பா? நாங்க ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிக் குடுத்தோம். எத்தன நாளைக்கு முடியும்?"

"சோறு எங்க வந்துச்சு இதுல?"

"அவ சொன்னா, டாக்டரு கையில சோறு வச்சுத் திங்கச் சொல்லிருக்காரு, நான் திங்காமத்தான் விழுறேன்னு. ஏ வேண்டாம்டி, வாசல்ல புடிச்சிருவாங்கன்னு நான் தலதலயா அடிச்சுக்கிட்டேன். ஒளிச்சாவது வச்சாளா? இல்ல மிஸி. ஒரு உருண்ட சோத்த எலையில வச்சுக் கையிலயே ஏந்திக்கிட்டுப் போனா. சோதனைக்காரிகிட்ட நீட்டி, டாக்டரு சொல்லிருக்காருங்கன்னா. அவ்வளவுதான். கூண்டு லாரியில ஏத்திட்டாங்க."

அடிப்பாவி மகளே என்று எனக்கு வந்தது. சொன்னதைச் செய்கிறவள். படு என்றோம், படுத்தாள். சாப்பிடு என்றோம், சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவனைவிட ஆஸ்பத்திரிச் சொல் பெரியது என்று நினைத்தாள். எங்களை அப்படி நம்பினாள்.

"டாக்டரு ஒரு வார்த்த சொன்னாப் போதும் மிஸி, நான்தான் சாப்புடச் சொன்னேன்னு. விட்டுருவாங்க. கேட்டுப் பாருங்க" என்று செங்கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராணி தம்பியின் மூக்கைத் தன் பாவாடையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் டாக்டரிடம் போனேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். "நான் சாப்பிடச் சொன்னேன். வேலிக்கு வெளியே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லலையே" என்றார். அது உண்மைதான். "இந்தக் காலத்தில் சோற்று விஷயத்தில் பேர் அடிபட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? சிஸ்டர்கிட்ட கேளு. அவங்க வெள்ளைக்காரங்க, அவங்க சொன்னா கேப்பாங்க."

சிஸ்டர் தன் அறையில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். கை மட்டும் நிற்கவில்லை. துணியின் விளிம்பு நேராக வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுற்றினார். பிறகு சொன்னார்: "அவளை நாம் குணமாக்கித்தான் அனுப்பினோம். மிக நல்ல நோயாளி. வெளியே அவள் செய்வது போலீஸின் வேலை, என் வார்டின் வேலை இல்லை."

"அவளுக்கு நிற்கவே பலமில்லை சிஸ்டர். அதனால்தான் சோறு எடுத்துக்கொண்டு போனாள்" என்றேன்.

"அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் ஓய்வு எடுத்திருக்க வேண்டும்" என்றார். நான் கதவருகே போனதும் கூப்பிட்டார். "நர்ஸ், உன் தொப்பி கோணலாக இருக்கிறது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே இரண்டு பேருமே கையை விரித்துவிட்டார்கள். செங்கமலத்திடம் போய் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

லாக்கப்பில் கிடந்த அஞ்சலைக்கு மார்சளி வந்து காய்ச்சல் கண்டது. எங்களிடமே கொண்டுவந்தார்கள். சுவரோரக் கட்டில். பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு மலாய்க்காரப் பெண் போலீஸ் உட்கார்ந்தாள். நான் போய் அஞ்சலையைப் பார்த்தேன். கண் மட்டும்தான் அவளுடையது. மெட்டியைக் காணவில்லை. கால் சேர்த்து, கை இரண்டையும் போர்வைக்கு மேல் வைத்து, யாரும் சொல்லாமலே படுத்திருந்தாள்.

சளி இறங்கி மூச்சு சரியானதும் நான் அவள் காதருகே சொன்னேன்: "அஞ்சலை, கொஞ்சம் எந்திரிச்சு ஒக்காரு. கால அசைச்சுக்கிட்டே இரு. சிஸ்டர் இல்லாத நேரமா நான் புடிச்சுக்கிறேன்." மீனாட்சியின் நடை எனக்கு மறக்கவில்லை. மருத்துவம் தெரிந்து சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். "வேணாம் மிஸி. எந்திரிச்சா லாக்கப்புக்கு அனுப்பிருவாங்க. இங்கயே கெடக்குறேன்."

நின்றால் அனுப்புவார்கள் என்று பயந்துதான் முதலிலும் படுத்தாள். அது அன்றைக்குத் தப்புக் கணக்கு. இன்றைக்கு அது சரியாகவே இருந்தது.

ஒருவழியாகக் கேசை விட்டுவிட்டார்கள். நடக்க முடியாதவள் காட்டுக்குச் சோறு சுமக்க மாட்டாள் என்று யாரோ ஓர் அதிகாரிக்குக் கடைசியில் உறைத்திருக்கிறது. முக்காலி போயிற்று, பெண் போலீஸும் போனாள். போகும்போது அஞ்சலையின் தலையணைக்கடியில் ஒரு குவே பலகாரப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். அந்த வார்டில் அவளுக்கு யாரும் கேட்காமல் கொடுத்த சாப்பாடு அது ஒன்றுதான்.

பார்வை நாளில் செங்கமலம் பிள்ளைகளோடு வந்தாள். போலீஸ் பிடித்ததுமே அஞ்சலையின் பேரை வெட்டி வீட்டைப் பூட்டிவிட்டார்களாம். தோட்டத்தில் எல்லாரும் போய்த் துரையிடம் கெஞ்சியிருக்கிறார்கள். துரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறார். மாதப் பிறப்பன்று அஞ்சலை தன் காலால் பெரட்டில் வந்து நின்றால் பேரைச் சேர்த்துக்கொள்வேன், வீட்டையும் திருப்பித் தருவேன், இல்லாவிட்டால் வேறு குடும்பம் வரும் என்று சொல்லிவிட்டாராம். மரம் வெட்ட வேண்டாம், புல் வெட்டலாம். நின்றால் போதும்.

ராணிக்கு அது போதுமானதாக இருந்தது. ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிம்மா. நீ நின்னு காட்டு. நின்னா வீடு தருவாராம்."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன், செங்கமலம் ஒரு பக்கம் பிடித்தாள். தரையில் கால் வைத்தாள். தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விடு, விடுக்கா" என்றாள். விட்டோம். நின்றாள். யாரும் பிடிக்காமல் நின்றாள். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. முருகன் கைகொட்டிச் சிரித்தான். "நிக்குது! அம்மா நிக்குது!" ராணி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தாள், குழந்தையை நடக்கக் கூப்பிடுகிற மாதிரி. அஞ்சலை ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"ஜாங்கான் பங்குன்!"

சிஸ்டர் வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போட்டதில்லை. ரூலரைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். "மார்சளிக்காரியை இழுத்துக் கீழே இறக்குகிறீர்களா? யார் அனுமதித்தது?" என்று என்னிடம் கேட்டார். "வீடு போய்விடும் சிஸ்டர், அவள் நிற்கப் பழகவேண்டும்" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் என்னைப் பார்க்கவில்லை, அஞ்சலையைப் பார்த்தார். கோபமாக இல்லை. வருத்தமாகப் பார்த்தார். தன் நல்ல நோயாளி கெட்டுப்போகிறாளே என்ற வருத்தம்.

அவர் கை தொடவில்லை. நானும் தொடவில்லை. அஞ்சலை தானே திரும்பினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். காலைத் தூக்க முடியவில்லை. ஒரு காலை இரண்டு கையாலும் எடுத்து மேலே வைத்தாள். மற்ற காலையும் எடுத்து வைத்தாள். இரண்டையும் சேர்த்தாள். படுத்தாள். போர்வையை நெஞ்சு வரை இழுத்து மடித்துவிட்டுக் கையை மேலே வைத்தாள். ராணி நீட்டின கையை மடக்காமல் அங்கேயே நின்றாள்.

சிஸ்டர் மடிப்பின் மேல் ரூலரை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

"பாகுஸ்" என்றார்.

மறுநாளே என்னைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாதப் பிறப்பு வந்தது, போயிற்று. அந்த லயத்து வீட்டில் வேறு குடும்பம் குடியேறியது. ராணி செங்கமலத்தோடு புல்வெட்டப் போனாள். அந்த வயதில் பேர் கிடையாது, அரைக் கூலி. அஞ்சலையைக் கதியற்றவர்கள் விடுதிக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அவள் அதற்குப் பிறகு நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

நான் பிறகு எத்தனையோ வார்டு பார்த்தேன், நானே சிஸ்டர் ஆனேன். காலம் மாறிற்று. அறுத்த மறுநாளே எழுப்பு, நடக்க விடு, சதை போனால் ஆள் போச்சு என்று புத்தகமே மாறிற்று. நல்லது. ரொம்ப நல்லது. ஆனால் புத்தகம் மாறியபோது, பழைய புத்தகத்தின்படி படுத்திருந்தவர்களிடம் போய் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே பெண்ணே, நாளைக்கும் வா. எழுப்பு, நடக்கிறேன். வலித்தால் உன்னை ஏசுவேன், வாங்கிக்கொள். நீயும் என்னை ஏசு, கிழவி சண்டைக்காரி என்று சொல். குட் பேஷன்ட் என்று மட்டும் சொல்லாதே. நான் பார்த்ததிலேயே நல்ல பேஷன்ட் அஞ்சலைதான். எங்கள் வார்டில் அவள் கிடந்த அத்தனை நாளில், எடுத்து வைத்த அந்த ஓர் அடிக்குத் தவிர, யாரிடமும் அவள் ஏச்சு வாங்கியதே இல்லை.